ஒரு தாள் அகலச் சுவர்

பொம்மை வீட்டின் சுவருக்குத் தாள் ஒட்டுகிறவர்கள் இன்று இரண்டு வழிகளில் போகிறார்கள். பூவும் கொடியும் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சிறுத்து அச்சான, பொம்மை வீட்டுக்கென்றே விற்கிற வால்பேப்பரை வாங்குவது ஒரு வழி. ஆல்பம் செய்யவும் வாழ்த்து அட்டை செய்யவும் கைவினைக் கடையில் தனித்தனித் தாளாக விற்கிற அலங்காரத் தாளை எடுத்து, அளந்து, வெட்டி ஒட்டுவது இன்னொரு வழி. முதலாவதுதான் முறையானது, இரண்டாவது ஏதோ கைக்குக் கிடைத்ததைக் கொண்டு ஒப்பேற்றுவது என்ற நினைப்பு இந்த வேலையில் ஊறியவர்களிடம்கூட இருக்கிறது. பொம்மை வீடுகளின் வரலாற்றையும் தாள் தொழிலின் வரலாற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த நினைப்பு நிற்பதில்லை. சுவருக்குத் தாள் ஒட்டும் வழக்கமே தனித் தாளில் பிறந்ததுதான். மனிதர் வாழும் வீடுகள் பிறகு சுருளுக்கு மாறிக்கொண்டன. பொம்மை வீடு பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. அலங்காரத் தாளை வெட்டி ஒட்டுகிறவர் செய்வதுதான் அந்தப் பழைய வேலை என்பது என் கட்சி.

தொடக்கத்திலிருந்து பார்க்கலாம். இங்கிலாந்தில் இன்றுவரை கிடைத்துள்ள சுவர்த்தாள்களில் மிகப் பழையது கேம்பிரிட்ஜ் கிரைஸ்ட்ஸ் கல்லூரியின் தலைவர் இல்லத்தில் 1911ல் கண்டெடுக்கப்பட்டது. 1509ஐ ஒட்டிய காலத்தது. மரக்கட்டையில் செதுக்கிய மாதுளை வடிவத்தை ஒற்றைத் தாள்களில் அச்சடித்து, உத்தரங்களின் மேல் ஒட்டியிருந்தார்கள். அந்தத் தாள்களைத் திருப்பினால் பின்பக்கத்தில் அரசு அறிவிப்பும் பிற அச்சுகளும் இருக்கின்றன. அதாவது அச்சுக்கூடத்தில் கழிந்த தாளின் வெறும் முதுகில் அடித்த அலங்காரம் அது. பிரான்சில் இதே போன்ற ஒற்றைத் தாள்களை அச்சடித்து வண்ணம் தீட்டி விற்கத் தனியே ஒரு கூட்டம் இருந்தது. டொமினோ என்று பெயர் பெற்ற அந்தத் தாள்கள் புத்தகத்துக்கு அட்டையாகும், பெட்டிக்கும் அலமாரிக்கும் உள்ளுறையாகும், வீட்டுச் சுவரிலும் ஏறும். இந்தச் சரக்கு நெடுநாள் நாட்டுப்புறத்தாரும் எளியவர்களும் மட்டுமே வாங்கியது என்றும், பிறகு மெருகேறிப் பாரிஸின் நல்ல வீடுகளுக்குள்ளும் நுழைந்தது என்றும் 1723ல் வெளிவந்த சாவரியின் வணிக அகராதி பதிந்து வைத்திருக்கிறது. இதே போன்ற தாளைத்தான் ஆண்ட்வெர்ப் நகரில் ரூக்கர்ஸ் குடும்பத்துக் கைவினைஞர்களும் தாங்கள் செய்த ஹார்ப்சிகார்ட் இசைப்பெட்டிகளுக்குள் ஒட்டினார்கள். புத்தகம், பெட்டி, வாத்தியம், சுவர் என்று தாளுக்குப் பேதம் கிடையாது. ஓர் அச்சுக்கட்டையில் பிறந்த தாள் எங்கே தேவையோ அங்கே போயிற்று.

பேதம் வந்தது சுவர் பெரிதாகக் கேட்கத் தொடங்கிய பிறகு. தாளோடு தாள் சேரும் இடத்தில் வடிவம் அறுபடாமல் ஓடும்படி வரையும் நுட்பத்தைப் பாரிஸில் ஜான் பாப்பியோன் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் பரப்பினார். இங்கிலாந்தில் தாள்களை முதலிலேயே வரிசையாக ஒட்டி நீளமாக்கி, அந்த நீளத்தின் மேல் அச்சடிக்கும் வழக்கம் வந்தது. ஒரு சுருள் என்றால் 12 கெஜ நீளம், 21 அங்குல அகலம் என்று வணிகத்தில் நிலைபெற்றது. 1712ல் அரசு இதன் மேல் வரி போட்டது: சதுர கெஜத்துக்கு ஒரு பென்னி. அது 1714ல் ஒன்றரை, 1777ல் ஒன்றே முக்கால் என்று ஏறியது, 1836ல்தான் நீங்கியது. இடையில் 1806ல், வரி முத்திரையைப் போலியாக அடித்தால் தூக்கு என்ற அளவுக்குச் சட்டம் போயிற்று. இவ்வளவு கண்காணிப்புக்குள் வந்த சரக்கு தனித் தொழிலாக இறுகியதில் வியப்பில்லை. அல்சாஸ் பகுதியில் ரிக்ஸ்ஹைம் ஊரிலிருந்த சூபெர் ஆலை 1830ல் ஒட்டுப்போடாத நீளத்தாளில் சுவர்த்தாள் அச்சடிக்கத் தொடங்கியபோது சுருளுக்கும் தாளுக்கும் இருந்த உறவு முழுதாக அறுந்தது. புத்தகக் கட்டுநரும் பெட்டி செய்பவரும் பழைய ஒற்றைத் தாளோடு நின்றுகொண்டார்கள்.

பொம்மை வீடு ஏன் இவர்கள் பக்கம் சேர்ந்தது என்பதற்குக் கணக்கே விடை சொல்லும். பத்தடி உயர அறை பன்னிரண்டில் ஒரு பங்கானால் பத்து அங்குலம். அந்தச் சுவரில் வீட்டுச் சுருளிலிருந்து வெட்டிய தாளை ஒட்டினால், ஐந்து அங்குல ரோஜா ஐந்தடி ரோஜாவாகிவிடும். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பொம்மையின் தலைக்கு மேல் அவள் உயரத்துக்கே ஒரு பூ தொங்கும். வடிவம் மட்டும் சிக்கலில்லை, தடிமனும் சிக்கல்தான். பழைய சுருளில் கட்டையால் ஒற்றிய சாயம் சுண்ணாம்பு கலந்தது. தாளின் மேல் மேடு தட்டி நிற்கும். மூலையில் மடித்தால் பொரியும். புத்தக அட்டையின் உள்பக்கம் ஒட்டப் பிறந்த தாள் அப்படியில்லை. கூரான விளிம்பில் மடிந்து, பசையை உறிஞ்சி, குமிழ் விடாமல் படிய வேண்டும் என்பதற்காகவே அது மெல்லியதாகச் செய்யப்பட்டது. ஒரு கையகலப் புத்தகத்தைத் திறந்ததும் அழகு தெரிய வேண்டும் என்பதால் அதன் பூ பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும். பொம்மை வீட்டுச் சுவர் கேட்பது இந்த இரண்டையும்தான்: சிறு பூ, மெல்லிய உடல்.

உடனே எழக்கூடிய மறுப்பு ஒன்று உண்டு. பெயர்பெற்ற பழைய பொம்மை வீடுகளில் தாளே முதன்மையாக இல்லையே என்பார்கள். உண்மைதான். பவேரியாவின் ஐந்தாம் ஆல்பிரெக்ட் பிரபு 1557, 58ல் செய்வித்த வீடுதான் எழுத்தில் பதிவான முதல் பொம்மை வீடு. 1598ல் எழுதிய பொருட்பட்டியல் வழியாகவே இன்று அதை அறிகிறோம். அது அரண்மனைச் செல்வத்தின் சிற்றுருவம். ஆம்ஸ்டர்டாமில் பெட்ரோனெல்லா ஓர்ட்மான் 1686 முதல் 1710 வரை சேர்த்து உருவாக்கிய வீடு இன்று ரெய்க்ஸ் மியூசியத்தில் நிற்கிறது. ஆமையோடும் வெள்ளீயமும் இழைத்த அலமாரிக்குள் இருக்கும் அந்த வீட்டுக்கு 20,000 முதல் 30,000 கில்டர் வரை செலவாகியிருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். அந்தப் பணத்துக்கு அன்று கால்வாய்க் கரையில் மெய்யான வீடே வாங்கலாம். அதன் வரவேற்பறைச் சுவர் முழுவதும் நிக்கோலாஸ் பீமோன் என்ற ஓவியர் தீட்டிய இயற்கைக் காட்சி. இன்னோர் அறையில் பட்டு. ஆனால் இவை விளையாட்டுச் சாமான்கள் அல்ல, வளர்ந்த பெண்கள் விருந்தினருக்குத் திறந்து காட்டிய சேகரிப்புகள். ஓவியரையும் நெசவாளரையும் கூலிக்கு அமர்த்தக்கூடிய ஒரு சிலருக்குத் தாள் வேண்டியிருக்கவில்லை என்பதைத்தான் இவை நிறுவுகின்றன. நூற்றுக்கணக்கான மற்ற வீடுகளைத் தச்சர்களும் தகப்பன்மாரும் செய்தார்கள். அவற்றுக்குச் சுவர் வாய்த்தது கடையில் தாள் வாங்கித்தான். பெரும்பான்மை எப்படி வாழ்ந்தது என்று கேட்கும்போது அரண்மனையைச் சாட்சிக்கு அழைக்க முடியாது, வீடு ஓரடி உயரமே ஆனாலும்.

அந்தக் கடைத்தாள்களில் மிக அழகானது ஆக்ஸ்பர்க், நூரம்பெர்க், ஃபூர்த் நகரங்களில் 18ஆம் நூற்றாண்டு முழுவதும் செய்த ஜரிகைத் தாள். இதைச் செய்த விதத்தைக் கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம். கனத்த செப்புத் தகட்டில் பூவையும் கொடியையும் மேடாக விட்டுச் சுற்றியுள்ள இடத்தைச் செதுக்கி எடுத்துவிடுவார்கள். தாளுக்கு முதலில் நிறம் கொடுப்பார்கள்: ஒரே நிறத்தைத் தூரிகையால் இழுத்தோ, ஸ்டென்சில் வழியாகச் சிவப்பு, மஞ்சள், பச்சை, ஊதா என்று திட்டுத் திட்டாகவோ. பிறகு தகட்டைச் சூடாக்கி, பொன்போல மின்னும் செம்புக் கலவை ரேக்கை அதன் மேல் பரப்பி, தாளைக் கவிழ்த்து, உருளை அச்சுப் பொறிக்குள் விட்டு அழுத்துவார்கள். வெளியே வரும் தாளில் மேடுபட்ட இடத்தில் ரேக்கு பிடித்திருக்கும். பிடிக்காததைத் துடைத்தால் போய்விடும். நிறத்திட்டும் பொன்வடிவமும் தனித்தனியாக விழுவதால் ஒன்றோடு ஒன்று பொருந்துவதே இல்லை. பொன்னிதழ் பாதி சிவப்பிலும் பாதி பச்சையிலும் கிடக்கும். நம் கண்ணுக்கு அது பிழையாகப் படலாம். கையில் எடுத்துச் சாய்த்துப் பார்த்தால் அந்தப் பொருந்தாமைதான் தாளுக்கு உயிர் கொடுக்கிறது என்று தெரியும். நிறம் ஒரு தளத்தில் அசைகிறது, பொன் இன்னொரு தளத்தில் ஓடுகிறது. டச்சு வணிகர் கை வழியாக வந்ததால் ஆங்கிலேயர் இதை டச்சுத் தாள் என்றே அழைத்தார்கள். லண்டனில் ஜான் நியூபெரி 1740கள் முதல் குழந்தைகளுக்கென்று போட்ட குட்டிப் புத்தகங்களுக்கு அட்டை இந்தத் தாள்தான். குழந்தையின் புத்தகத்தைச் சுற்றியதும் பொம்மைச் சாமானை அழகுபடுத்தியதும் ஒரே கடையின் ஒரே கட்டுத் தாள் என்பதை நினைத்துப் பார்த்தால், பொம்மை வீட்டுச் சுவரை வீட்டுச் சுவரின் பிள்ளையாகப் பார்ப்பதைவிடப் புத்தகத்தின் உடன்பிறப்பாகப் பார்ப்பது எவ்வளவு பொருத்தம் என்று விளங்கும்.

ஜரிகைத் தாள் வாங்க முடியாதவர்களுக்குப் பசைத்தாள் இருந்தது; மாவுப் பசையில் சாயம் குழைத்துத் தாளில் பூசி, ஈரம் காயுமுன் சீப்பாலோ விரலாலோ கோலம் இழுத்தது. மை மிதக்கும் நீரிலிருந்து ஒற்றி எடுத்த மார்பிள் தாள் இருந்தது; நம் ஊர்க் கணக்குப் புத்தகங்களின் அட்டையில் இன்றும் அதன் வாரிசைப் பார்க்கலாம். இவற்றோடு ஜெர்மன் ஊர்களில் கட்டுன் தாள் என்று ஒன்று விற்றது. கட்டுன் என்றால் பருத்தித் துணி. துணிக்கு அச்சுப் போடும் கட்டைகளையே தாளில் ஒற்றி எடுத்த தாள் அது. சிறு புள்ளிகளும் பொடிப்பூக்களும் நிறைந்த இந்தத் தாளின் மூதாதையைத் தேடினால் நம் கரைக்கு வந்து சேருவோம். மசூலிப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைகளிலிருந்து சோழமண்டலக் கரையின் சீட்டித் துணியை டச்சு, ஆங்கிலக் கம்பெனிகள் கப்பல் கப்பலாக ஏற்றிக்கொண்டு போயின. துவைத்தாலும் போகாத அந்தச் சிவப்பைக் கண்டு ஐரோப்பிய நெசவாளர்கள் அஞ்சினார்கள். பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை இந்த வகைத் துணியைத் தடை செய்தது. இங்கிலாந்து 1721ல் பிறப்பித்த தடையை 1774ல்தான் நீக்கியது. தடைக்குள்ளும் தடை இல்லாத ஊர்களிலும் அதைப் பார்த்து அச்சுப்போடக் கற்றுக்கொண்டார்கள். இங்கே எழுதுகோலால் கையோடு எழுதிய கொடியை அங்கே சிறு கட்டைகளில் வெட்டி ஒற்றினார்கள். அந்தக் கட்டைகள் துணியிலிருந்து தாளுக்குத் தாவின. ஆகவே ஒரு ஜெர்மன் பொம்மை வீட்டில் கட்டுன் தாள் ஒட்டிய படுக்கையறை இருந்தால், அதன் சுவரில் பூத்திருப்பது பல கை மாறிப்போன நம் கரைப் பூ.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது, அதை எளிதில் தள்ளிவிடக் கூடாது. 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பொம்மை வீடுகள் பலவற்றில் மெய்யான வீட்டுச் சுவர்த்தாளின் மிச்சத் துண்டுகளே ஒட்டப்பட்டிருக்கின்றனவே, அங்கே புத்தகத் தாள் எங்கே என்று கேட்கலாம். துண்டுகள் இருந்தன என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவை எந்தத் துண்டுகள், எந்தக் காலத்தவை என்று பார்க்க வேண்டும். லங்காஷையரில் டார்வென் ஊரின் பாட்டர் ஆலை 1839ல் நீராவி உருளையால் சுவர்த்தாள் அச்சடிக்கும் பொறிக்கு உரிமம் பெற்றது. பிரிட்டனில் 1834ல் பத்து லட்சம் சுருள் அளவில் இருந்த உற்பத்தி 1860ல் தொண்ணூறு லட்சத்தை நெருங்கியது. விலை கெஜம் கால் பென்னி வரை இறங்கியது. உருளையின் சுற்றளவுக்குள் வடிவம் அடங்க வேண்டும் என்பதால் முதல் பொறித்தாள்களில் பூக்கள் சிறியவை. படுக்கையறைக்கும் வேலைக்காரர் அறைக்கும் ஏழை வீட்டுக்கும் போன மலிவுத் தாள்களில் இந்தப் பொடிப்பூக்கள் நிறைந்திருந்தன. பொம்மை வீட்டுக்குள் பொருந்தி உட்கார்ந்தவை இவையே. மாளிகைக் கூடத்தின் பெரிய டமாஸ்க் வடிவத்தைக் கொண்டுவந்து குட்டிச் சுவரில் ஒட்டியவர்களும் இருந்தார்கள். அந்த அறைகளில் நுழைந்ததும் கண் இடறுகிறது. ஆக, துண்டு எடுத்தவர்கள்கூடச் சுருளைச் சுருளாகப் பார்க்கவில்லை. அதில் ஒரு தாளகலத்துக்குள் முழுமையாகத் தெரியும் வடிவத்தைத் தேடினார்கள். என் வாதம் இந்தக் காலத்து ஆங்கில வீடுகளுக்கு முழுதாகப் பொருந்தாது, பாதி பொருந்தும் என்று சொல்வதுதான் நேர்மை.

அந்தக் காலத்துத் தாளைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஸ்வீடன் வேதியியலாளர் ஷீலே 1775ல் கண்ட பச்சையும், 1814 முதல் ஷ்வைன்ஃபுர்ட்டில் செய்த மரகதப் பச்சையும் ஆர்சனிக் சேர்ந்தவை. சுவர்த்தாள், புத்தக அட்டை, விளையாட்டுச் சாமான் என்று எல்லாவற்றிலும் அந்தப் பச்சை புகுந்தது. குழந்தையின் விரல் நாளெல்லாம் தடவும் ஒரு பொருளின் உள்ளே, அந்த அழகுக்காக நஞ்சைப் பூசிவைத்தார்கள். விக்டோரியா காலத்துப் பொம்மை வீடு கையில் கிடைத்து, அதில் பளிச்சென்ற பச்சைத் தாள் இருந்தால், கையுறை இல்லாமல் தொடக் கூடாது, சுரண்டவே கூடாது.

சுருளோடு இருந்த அந்தப் பாதி உறவும் லித்தோ என்ற கல்லச்சு வந்ததும் முடிந்தது. அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்துப் பாடக்கெட் ஊரின் பிளிஸ் கம்பெனி 1832ல் மரப்பொருள் தொழிலாகத் தொடங்கியது. நூற்றாண்டின் கடைசியில் பொம்மை வீடுகளுக்குப் புகழ்பெற்றது. அதன் வீடுகளில் செங்கல், ஜன்னல் திரை, கதவு, தூணின் நிழல் எல்லாமே வண்ணத்தில் அச்சான தாள். மெல்லிய பலகையின் மேல் வெளியிலும் உள்ளிலும் அதை ஒட்டிவிட்டால் வீடு தயார். சாக்சனியில் மரியன்பெர்க் ஊரின் மோரிட்ஸ் கோட்ஷால்க் ஆலை நீலக்கூரை வீடுகளை இதே முறையில் செய்தது. கோட்ஷால்க் வீடுகளின் அடியில் பென்சிலால் எழுதிய மாடல் எண் இருக்கும். எண் அழிந்த வீடுகளைச் சேகரிப்பாளர்கள் எப்படி அடையாளம் காண்கிறார்கள் தெரியுமா? அறைகளில் ஒட்டிய தாளின் வடிவத்தை வைத்து. தச்சு வேலை ஆண்டுக்கணக்கில் மாறாமல் இருந்தது; தாள் மாறிக்கொண்டே இருந்தது. இந்த வீடுகளில் தாள் சுவரின் மேல் பூசிய அலங்காரமாக இல்லை, சுவரே தாளாகிவிட்டது. அச்சுக்கூடத்தில் ஒற்றைத் தாளாக அடித்து, அட்டைப்பெட்டிக்குத் தாள் ஒட்டுவது போலப் பலகைக்கு ஒட்டியவை இவை. பெட்டி செய்பவரின் கையும் பொம்மை வீடு செய்பவரின் கையும் இங்கே ஒன்றாகிவிட்டன.

இதே நூற்றாண்டில் அமெரிக்கப் பெண்குழந்தைகள் இன்னும் ஒரு படி போனார்கள். பலகையே இல்லாமல் பொம்மை வீடு கட்டினார்கள். கனத்த நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து, விரித்த இரண்டு பக்கத்தை ஓர் அறையாக வைத்துக்கொள்வது. சுவர்த்தாள் விற்பவரின் மாதிரிப் புத்தகத்திலிருந்து கிழித்த துண்டையோ பூத்தாளையோ பக்கம் முழுக்க ஒட்டி, அதன் மேல் விலைப்பட்டியலில் வெட்டிய கட்டில், விளக்கு, கடிகாரங்களை அடுக்குவது. மெல்லிய வண்ணத் தாளை மடிப்பு வைத்து ஜன்னலுக்குத் திரையாகத் தொங்கவிடுவது. கோடீஸ் லேடீஸ் புக் என்ற பெண்கள் இதழ் 1880லேயே இதற்குச் செய்முறை போட்டது. முன்வாசலில் தொடங்கிச் சமையலறை, படுக்கையறை என்று பக்கம் பக்கமாக நடந்து போகும் இந்த வீடுகள் சில இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. சுவரும் புத்தகமும் ஒரே தாளால் ஆனவை என்று இதுவரை நான் சொல்லிவந்ததை அந்தக் குழந்தைகள் செய்தே காட்டிவிட்டார்கள். வரலாற்றாசிரியர்கள் நெடுநாள் இவற்றை விளையாட்டு என்று ஒதுக்கியது பெரிய இழப்பு. எத்தனை வீடுகள் பழைய காகிதக்காரரிடம் போயிருக்கும்!

மூன்றாவது மறுப்பு சான்றைப் பற்றியது. பொம்மை வீட்டுத் தாளை எப்படி நம்புவது? பாட்டி ஒட்டியதன் மேல் பேத்தி ஒட்டியிருப்பாள், அதற்கு மேல் ஒரு பழம்பொருள் வியாபாரி பழையது போல ஏதாவது ஒட்டியிருப்பார். மேலே தெரிவதை வைத்து 1780 என்றோ 1850 என்றோ எப்படிச் சொல்வது? மேலே தெரிவதை வைத்துச் சொல்ல முடியாதுதான். ஆங்கிலப் பொம்மை வீடுகளைப் பற்றி முதன்முதலில் முறையாக ஆராய்ந்து 1955ல் நூல் எழுதி, பின்னர் ஆக்ஸ்ஃபோர்டில் அவற்றுக்கென்றே அருங்காட்சியகம் நடத்திய விவியன் கிரீன் முதலானோர் வந்த பிறகுதான் இந்தச் சுவர்களை அக்கறையோடு பார்க்கும் பழக்கம் பரவியது. அடுக்கை அடுக்காகப் பார்த்தால் குழப்பம் சான்றாக மாறுகிறது. கந்தல் துணிக்கூழில் செய்த தாள் நார் நீண்டு வெளுப்பாக இருக்கும்; 1844ல் ஜெர்மானியரான கெல்லர் மரத்தை அரைத்துக் கூழாக்கும் வழி கண்ட பிறகு வந்த தாள் பழுத்து, மடிப்பில் ஒடியும். கட்டையால் ஒற்றிய சாயம் ஒரு மாதிரி நிற்கும், உருளையில் அடித்தது வேறு மாதிரி வழியும், லித்தோவில் பொடிப்புள்ளிகள் தெரியும். கணப்படுப்புக்குப் பின்னாலும் கதவுச் சட்டத்துக்கு அடியிலும் முதல் தாள் ஒளிந்திருக்கும். மெய்யான வீட்டில் சுவரை இடித்தால் இந்த அடுக்குகள் குப்பையோடு போய்விடும். பொம்மை வீட்டில் இடிக்க ஒருவரும் இல்லாததால் அவை கால் அங்குலத்துக்குள் முழுதாக அடங்கிக் கிடக்கின்றன. திரும்பத் திரும்ப ஒட்டியிருப்பது அந்த வீட்டின் குறையென்று எனக்குத் தோன்றவில்லை. பயன்பட்ட வீடு என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் வேறில்லை. ஆகவே பழைய வீடு ஒன்றைப் புதுப்பிக்கும்போது மேல்தாளை ஊறவைத்து உரித்துவிட்டு அசலைக் காண வேண்டும் என்ற ஆவலை அடக்கிக்கொள்வது நல்லது. மெல்லிய அட்டையை அளவாக வெட்டி, புதுத் தாளை அதில் ஒட்டி, அட்டையைச் சுவரோடு சாய்த்து நிறுத்தினால் போதும். பசை பழைய தாளில் படாது.

பன்னிரண்டில் ஒரு பங்கு என்ற அளவே அண்மைக் காலத்தில்தான் பொது விதியானது. கட்டிடக் கலைஞர் எட்வின் லட்யென்ஸ் 1921 முதல் 1924 வரை மேரி அரசிக்காக வடிவமைத்த பொம்மை வீடு, ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் கைவைத்து உருவானது. வெம்ப்ளி பொருட்காட்சியில் மக்கள் கூட்டம் கூட்டமாகப் பார்த்த பிறகு அந்தக் கணக்கு பெரிதும் நிலைத்தது. அமெரிக்காவில் சிற்றுருவ ஆர்வலர்களின் தேசியச் சங்கம் 1972ல் உருவானது. பொம்மை வீட்டுக்கென்றே அச்சான வால்பேப்பர் வணிகமாகச் செழித்தது அந்த அலையில்தான். நான்கு நூற்றாண்டு வரலாற்றில் அதன் பங்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டு. அதன் அழகை நான் மறுக்கவில்லை. வரலாற்றுக் காலத்து வடிவம் ஒன்றை அளவு பிசகாமல் காட்ட வேண்டுமென்றால் அதுவே சரி. ஆனால் முறையானது எது, ஒப்பேற்றல் எது என்று வரிசைப்படுத்த அதற்கு உரிமையில்லை. 1980கள் முதல் ஆல்பம் செய்யும் பழக்கம் அமெரிக்காவில் பெரிய தொழிலாக வளர்ந்தபோது, புகைப்படம் பழுக்காமல் இருக்க அமிலமும் லிக்னினும் இல்லாத தாள் வேண்டும் என்று கேட்டார்கள். அப்படி வந்தது 12 அங்குலச் சதுரத் தாள். பன்னிரண்டில் ஒரு பங்கு கணக்கில் அது பன்னிரண்டடிச் சுவர். ஒட்டில்லாமல் ஒரே தாளில் ஓர் அறையின் பின்சுவர் முழுதும் முடிந்துவிடுகிறது. ஆல்பம் செய்பவர்கள் திட்டமிட்ட பொருத்தம் இல்லை இது. புத்தகப் பக்கத்துக்கென்று பிறந்த தாள் பொம்மை வீட்டுச் சுவருக்குப் பொருந்துவது முன்பும் இப்படித்தான் நடந்தது. ஆல்பம் என்பதும் ஒரு புத்தகந்தானே.

அந்தச் சதுரத் தாளை மேசையில் வைத்துப் பார்த்தால் ஒரு விளிம்பில் மெல்லிய பட்டை ஒன்று ஓடும். தாள் செய்த கம்பெனியின் பெயர், வடிவத்தின் பெயர், பார்கோடு எல்லாம் அதில் இருக்கும். ஒட்டுகிறவர் முதலில் செய்கிற வேலை அதை வெட்டி எறிவது. ஆக்ஸ்பர்க் ஜரிகைத் தாளிலும் இதே விளிம்பு இருந்தது. மீசர், முங்க், ஸ்டோய் என்று செய்தவர் பெயரும் ஊரும் வடிவத்தின் எண்ணும் பொன்னில் பதிந்திருக்கும். கட்டுநர்கள் அதை வெட்டினார்கள். யாரோ ஒரு கட்டுநர் சோம்பலாலோ சிக்கனத்தாலோ விளிம்பை வெட்டாமல் அட்டைக்குள் மடித்துவிட்ட புத்தகங்கள் சில தப்பிப் பிழைத்தன. ஆக்ஸ்பர்க்கில் யார் என்ன செய்தார்கள் என்பதை அந்த மடிப்புகளிலிருந்தும் ஆய்வாளர்கள் திரட்டினார்கள். இன்றைய பட்டையையும் தரையோடு சேரும் இடத்தில் உள்பக்கமாக மடித்து ஒட்டிவிடலாம். மேலே அடிப்பட்டி வைத்தால் வெளியில் தெரியாது.